சம்பளம் ஏறும் நாளுக்கும் கடைக்குப் போகும் நாளுக்கும் நடுவே

விலைவாசி எல்லா ஊரிலும் ஏறும். அதை மீப்பணவீக்கம், அதாவது கட்டுக்கடங்காத விலையேற்றம், என்று சொல்ல ஓர் அளவுகோல் உண்டு. பிலிப் கேகன் என்ற பொருளியலாளர் 1956இல் வைத்த கோடு அது: மாதத்துக்கு 50 சதவீதம். அந்த வேகத்தில் 12 மாதம் ஓடினால் 100 ரூபாய்ச் சாமான் ஏறத்தாழ 13,000 ரூபாய் ஆகிவிடும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி இலங்கையின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியபோது பலர் இந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள். மக்கள் பட்ட பாடு உண்மை. ஆனால் அந்த 70, ஓர் ஆண்டுக்கான கணக்கு.

கேகனின் கோட்டை எங்கோ பின்னால் விட்டுவிட்டு ஓடிய நாடு ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே. 2008 ஜூலையில் அரசே ஒப்புக்கொண்ட ஆண்டுப் பணவீக்கம் 23 கோடி சதவீதத்துக்கும் மேல். அதன்பின் அரசு எண் வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. அந்த நவம்பர் நடுவில் 24.7 மணி நேரத்துக்கு ஒருமுறை விலை இரட்டித்ததாக அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டீவ் ஹான்கி கணக்கிட்டார்.

இந்த எண்களைப் பார்த்து வாய் பிளப்பதால் பயனில்லை. ஒரு வீட்டைக் கவிழ்ப்பது பணம் கைக்கு வரும் நேரத்துக்கும் அது செலவாகும் நேரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. தினம் ஒருமுறை விலை இரட்டிக்கும் ஊரில் நான்கு நாள் கழித்து வரவாகும் காசோலையின் மதிப்பு பதினாறில் ஒரு பங்கு. பத்து நாள் வங்கியில் கிடந்த சம்பளம் ஆயிரத்தில் ஒரு பங்கு. யார் எவ்வளவு தாமதமாகப் பணத்தைத் தொடுகிறார்களோ, அவர்களுக்கு அவ்வளவு நட்டம்.

இந்த இடைவெளி அரசையும் விடாது. போன மாத வியாபாரத்துக்கான வரி அடுத்த மாதம் வந்து சேரும்போது அது சில்லறையாகியிருக்கும். சம்பளம் போட முடியாது. நோட்டடிக்க வேண்டியதுதான். விலை மேலும் ஏறும். அடுத்த வரி இன்னும் இளைத்து வரும்.

அச்சகத்தின் பக்கம் போகும்படி செய்தவை பழைய முடிவுகள். 1997இல் ஜிம்பாப்வேயின் முன்னாள் விடுதலைப் போராளிகளுக்குப் பட்ஜெட்டில் இல்லாத பெருந்தொகை. அந்த நவம்பர் 14 அன்று ஒரே நாளில் நாட்டு நாணயமான ஜிம்பாப்வே டாலர் சரிந்தது. 1998 முதல் காங்கோ போர்ச் செலவு. 2000 முதல் பெரும்பண்ணைகள் அவசரகதியில் கைமாறியதால் அமெரிக்க டாலர் ஈட்டித் தந்த புகையிலையும் சாப்பாட்டுக்கான மக்காச்சோளமும் ஒருசேர வீழ்ந்தன. விளைச்சல் குறைந்து நோட்டு கூடினால் வேறென்ன நடக்கும்? பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) பாக்கியை அடைக்க அமெரிக்க டாலர் வாங்குவதற்காக 21 லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலர் அச்சடித்ததாக மத்திய வங்கியே 2006இல் சொன்னது. வெளிநாட்டுச் சதி என்ற பேச்சு இன்றும் உண்டு. அச்சு இயந்திரத்தை ஓட்டியது யார் என்பதில் சந்தேகமில்லை.

விலைக் கட்டுப்பாடு ஏன் தோற்றது என்பதைக் கடைக்காரர் கணக்கில் பார்க்க வேண்டும். ஒரு மூட்டை மாவை 100க்கு வாங்கி 150க்கு விற்கிறார். ஏட்டில் 50 லாபம். அதே மூட்டையை மறுபடி வாங்கப் போனால் 220. விற்ற ஒவ்வொரு மூட்டைக்கும் முக்கால் மூட்டை கூடத் திரும்பாது. நாளைய கொள்முதல் விலையை வைத்து அவர் விலை போட்டால் அதற்குப் பெயர் பதுக்கல், கொள்ளை. 2007 ஜூனில் விலைகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி அரசு ஆணையிட்டது. மீறியதாக ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். சில நாள் கூட்டம் அலைமோதியது. அதன்பின் அலமாரிகள் காலி. சாமான் வேண்டுமென்றால் எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவின் முசினாவுக்கோ போட்ஸ்வானாவின் பிரான்சிஸ்டவுனுக்கோ போக வேண்டும். அல்லது கறுப்புச் சந்தை.

வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாத ஒன்று நோட்டுப் பஞ்சம். இத்தனை அடித்தும் கையில் காசில்லை, ஏனென்றால் விலை அச்சகத்தை முந்தி ஓடியது. 2008 ஜூலையில் ஜெர்மன் நிறுவனம் நோட்டுத் தாள் அனுப்புவதையும் நிறுத்தியது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வங்கிகளில் வரம்பு. விடியுமுன் வரிசையில் நின்று எடுக்கும் தொகை சில நேரம் வீடு திரும்பும் பஸ்ஸுக்கே போதாது. ஆகவே ஒரே பொருளுக்கு இரண்டு விலை: ரொக்கத்துக்கு ஒன்று, காசோலைக்குப் பல மடங்கு. இந்த வித்தியாசத்தில் சிலர் கொழுத்தார்கள். அமெரிக்க டாலரை வங்கிப் பரிமாற்ற விலைக்கு விற்று, தெரிந்த அதிகாரி மூலம் அதை ரொக்கமாக்கி, ரொக்க விலையில் மறுபடி டாலர் வாங்குவது. ‘பணத்தை எரிப்பது’ என்றே அதற்குப் பெயர். வேலைக்குப் போனவர்களைவிட எரித்தவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள்.

பஸ் கட்டணத்துக்குக்கூடச் சம்பளம் போதாமல் ஆசிரியர்கள் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார்கள். தண்ணீர்ச் சுத்திகரிப்பும் மருத்துவமனைகளும் நின்றுபோன நிலையில், 2008 ஆகஸ்டில் தொடங்கிய காலரா 4,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

சமாளித்த குடும்பங்கள் செய்தது எளிமையானது: பணம் வந்த அன்றே பொருளாக்கினார்கள். இதிலும் தவறு நடக்கும். உப்பு, சோப்பு, சர்க்கரை ஈரம் படாமல் வைத்தால் நிற்கும். மாவில் சில மாதங்களில் வண்டு விழும், எண்ணெய் காறும், மாத்திரைக்குக் காலாவதி உண்டு, பெட்ரோலை வீட்டில் வைப்பது தீயை அழைப்பது. அதனால்தான் அங்கே பெட்ரோலைவிட லிட்டர் கணக்கில் எழுதிய எரிபொருள் கூப்பன் பணமாகப் புழங்கியது. அதன் அளவு மாறாது, மடித்துப் பையில் வைக்கலாம். அமெரிக்க டாலர் வைத்திருந்தவர்களிலும் 1, 5 என்று சிறு நோட்டாக வைத்தவர்களுக்கே அது உதவியது. நூறு டாலர் நோட்டுக்கு மீதி தர ஆளில்லை.

நாணயத்திலிருந்து மூன்று முறையில் மொத்தம் 25 பூஜ்யங்களை வெட்டினார்கள்: 2006இல் 3, 2008இல் 10, 2009இல் 12. கணினியும் கல்லாப்பெட்டியும் மூச்சு விட்டன, அவ்வளவே. 2009 தொடக்கத்தில் வெளிநாட்டு நாணயங்களுக்கு அனுமதி கிடைத்ததும் விலையேற்றம் நின்றது. அரசு ஊழியர்களுக்கு மாதம் 100 அமெரிக்க டாலர் படி. அமெரிக்கச் சில்லறைக் காசு இல்லாததால் மீதிக்கு மிட்டாய், பேனா. கைமாறிக் கைமாறி அழுக்கேறிய ஒரு டாலர் நோட்டுகளைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டார்கள்.

கடன்பட்டவர் தப்பினார், கடன் கொடுத்தவர் அழிந்தார். வீட்டுக் கடன்கள் ஒரு ரொட்டி விலைக்கும் குறைவாகத் தேய்ந்தன. மறுபக்கம், முப்பது வருடம் ஓய்வூதியத்துக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் கட்டியவர்களின் தொகைதான் அந்தத் தேய்மானத்தில் போனது. பத்திரத்தில் எழுதிய எண்ணைக் கம்பெனி கொடுக்கத்தான் செய்தது. அதற்கு எதுவும் வாங்க முடியவில்லை. 2015 ஜூன் முதல் செப்டம்பர் வரை பழைய வங்கிக் கணக்குகளைத் தீர்த்தார்கள். 175 குவாட்ரில்லியன் ஜிம்பாப்வே டாலர், அதாவது 175க்குப் பின் 15 பூஜ்யங்கள், அதுவரை இருந்த கணக்குக்கு 5 அமெரிக்க டாலர். வீட்டில் வைத்திருந்த நூறு டிரில்லியன் (நூறு லட்சம் கோடி) நோட்டுக்கு 40 அமெரிக்க சென்ட். அதே நோட்டை அரிய நோட்டு சேகரிப்பவர்கள் பல மடங்கு விலைக்கு வாங்கினார்கள்.