கலியாண எழுத்தும் பட்டாள எழுத்தும்

படுவான்கரைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, என் கந்தோர் மேசையில் போனை வைத்து அதிலிருந்த படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். ரஷ்ய மொழியில் அச்சடித்த ஒரு தாள். அதில் பேனாவால் எழுதியிருந்த இரண்டு திகதிகள் மட்டும்தான் எங்கள் இருவருக்கும் விளங்கின.

"இது தொடங்கின நாள், இது முடியிற நாள். முடிஞ்சு ரெண்டு மாசமாப் போச்சு. ஏன் தம்பி புள்ளைய இன்னும் விடல்ல?"

மட்டக்களப்பில் பதினாறு வருடமாகச் சட்டத்தரணியாகத் தொழில் செய்கிறேன். முடிந்த ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் மத்திய கிழக்குக்குப் போனவர்களின் வீட்டார். இரண்டு வருடம் என்று போன பெண்ணை மூன்றாவது வருடமும் கபில் (அங்கே வேலைக்கு எடுத்தவன்) விடவில்லை, பாஸ்போட்டைப் பூட்டி வைத்திருக்கிறான் என்பார்கள். அந்த வழக்கு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அங்கே பிடித்து வைத்திருப்பவன்தான் சட்டத்தை மீறுகிறான். தூதரகம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், அந்த நாட்டுத் தொழில் நீதிமன்றம் என்று தட்டுவதற்குக் கதவுகள் இருக்கின்றன. ஆனால் இந்த அம்மாவின் மகன் இருப்பது ரஷ்ய இராணுவத்தில். அங்கே பிடித்து வைத்திருப்பவனிடம்தான் சட்டமே இருக்கிறது. இதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. இன்னும் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருப்பதாகத் தெரிவதால் எழுதுகிறேன். (அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

படையில் சேரும்போது வைக்கும் கையொப்பத்தை நாங்கள் கடை வாடகை ஒப்பந்தம் மாதிரி நினைக்கிறோம். திகதி முடிந்தால் திறப்பைக் கொடுத்துவிட்டு வரலாம் என்பது எங்கள் கணக்கு. சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. 1890இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு கிரிம்லி என்பவரின் வழக்கு வந்தது. நாற்பது வயதில் இருந்தவர், இருபத்தெட்டு என்று பொய் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது சேருவதற்கான உச்ச வயது முப்பத்தைந்து. பிறகு மனம் மாறி வீட்டுக்கு வந்துவிட்டார். பிடிபட்டபோது, எனக்குத்தான் வயது கூடிவிட்டதே, ஒப்பந்தமே செல்லாது என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. படையில் சேருவது ஒப்பந்தம்தான், ஆனால் ஆளின் நிலையையே மாற்றிவிடும் ஒப்பந்தம், திருமணத்தைப் போல என்றது.

அந்த அம்மாவுக்கு இது உடனே பிடிபட்டது. "கலியாண எழுத்து மாதிரி" என்றார். ஓம், அதேதான். எழுத்து முடிந்த பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதல்ல, திருமணச் சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் செல்லும். பட்டாள எழுத்தும் அப்படித்தான். என்ன, கலியாணத்தில் ஒரு தரப்பு நினைத்தபடி சட்டத்தை மாற்ற முடியாது. பட்டாளத்தில் முடியும்.

எப்படி மாற்றுவார்கள் என்பதற்கு அமெரிக்காதான் நன்றாகப் பதிவான உதாரணம். போர்க்காலத்தில் படையினரின் விலகல், ஓய்வு பற்றிய சட்டங்களை இடைநிறுத்த அங்கே ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு. இப்படி நிறுத்தி வைப்பதை அவர்கள் 'ஸ்டொப் லொஸ்' என்பார்கள். 1990இல் வளைகுடாப் போருக்காக அதைக் கையில் எடுத்தார்கள். 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களுக்காக வருடக்கணக்கில் நீடித்தார்கள். ஒறிகன் மாநிலத் தேசிய காவற்படையில் இருந்த எமிலியானோ சந்தியாகோவின் எட்டு வருடம் 2004 யூன் மாதம் முடிய வேண்டும். முடியவில்லை. அவருடைய கோவையில் எழுதிய புதிய முடிவுத் திகதி 2031 டிசம்பர் 24. இருபத்தேழு வருடம்! அது நிர்வாக வசதிக்குப் போட்ட திகதி, உண்மையில் அவ்வளவு காலம் வைத்திருக்கப் போவதில்லை என்று அரசு தரப்பு சொன்னது. அவர் வழக்குப் போட்டார், 2005இல் மேன்முறையீட்டிலும் தோற்றார். ஸ்டொப் லொஸ்ஸில் அகப்பட்டவர்கள் சுமார் 185,000 பேர். 2009இல் பாதுகாப்புச் செயலாளர் ரொபர்ட் கேட்ஸ் அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தார். கூடுதலாக வைத்திருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டொலர் கொடுப்பதற்கும் சட்டம் வந்தது.

சந்தியாகோ தோற்றதற்கான காரணம் அவர் கையொப்பமிட்ட தாளிலேயே இருந்ததுதான் எனக்கு முக்கியம். படையினர் தொடர்பான சட்டங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம், இந்த ஆவணத்தில் எது எழுதியிருந்தாலும் அந்த மாற்றம் உங்களைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்கப் படிவத்தில் பச்சையாகவே ஒரு வாசகம் இருக்கிறது. போர் வந்தால், போர் முடிந்து ஆறு மாதம் வரைக்கும் சேவை நீளும் என்று இன்னொன்று. நான்கு வருடம் என்று போகிறவர் மொத்தம் எட்டு வருடத்துக்குக் கட்டுப்பட்டவர், மிச்சக் காலம் வீட்டிலிருந்தாலும் கூப்பிடலாம் என்று வேறொன்று. எல்லாம் ஆங்கிலத்தில். வாசிக்கத் தெரிந்தவர்களே வாசிக்கவில்லை.

சரி, ரஷ்யாவுக்கு வருவோம். 2022 செப்டெம்பர் 21 அன்று ஜனாதிபதி புட்டின் 647ஆம் இலக்க ஆணையில் கையொப்பமிட்டார். பகுதியளவான படைதிரட்டல் என்று செய்திகளில் வந்தது அதுதான். மூன்று இலட்சம் பேரைத் திரட்டுவது பற்றியே எல்லோரும் பேசினார்கள். அதற்குள் இருந்த சின்ன வாசகத்தை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை: படையினரின் ஒப்பந்தங்கள் படைதிரட்டல் காலம் முடியும் வரை தொடரும். விலகுவதற்கு மூன்றே வழி. வயது எல்லையைத் தாண்ட வேண்டும், அல்லது இராணுவ வைத்தியக் குழு தகுதியில்லை என்று சொல்ல வேண்டும், அல்லது நீதிமன்றம் சிறைத்தண்டனை விதிக்க வேண்டும். 'ஒப்பந்தக் காலம் முடிந்தது' என்பது அதில் இல்லை. அதே ஒக்டோபரில், திரட்டி முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஆனால் ஆணையை முடித்து வைக்கும் இன்னொரு ஆணை அப்போது வரவில்லை. அறிவிப்பு வேறு, ஆணை வேறு. அந்த இடைவெளியில்தான் அம்மாவின் மகன் நிற்கிறான்.

மற்றப் பக்கமும் இப்படித்தான். உக்ரைனில் இராணுவச் சட்டம் நடைமுறையில் இருக்கும்வரை ஒப்பந்தங்கள் நீள்கின்றன. 36 மாதம் சேவை செய்தவர்களை விடுவிக்கும் ஏற்பாடு ஒன்று 2024 ஏப்ரலில் நிறைவேறிய சட்டத்தின் வரைவில் இருந்தது, இறுதி வாக்கெடுப்புக்கு முன்பே அதை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்பீர்கள். 2025 ஜனவரி 20 வரையான கணக்கில் 554 இலங்கையர் ரஷ்யப் படையில் சேர்ந்திருந்தார்கள், அதில் 59 பேர் இறந்துவிட்டார்கள் என்று வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் சொன்னார். ஒப்பந்தம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று நினைப்பவர்கள் இந்தியாவைப் பார்க்கலாம். அங்கிருந்து போன 126 பேரில் 96 பேர் வெளியே வந்திருந்ததாக 2025 ஜனவரியில் இந்திய அரசு சொன்னது. அவர்களுக்காகப் பிரதமர் மட்டத்தில் பேச வேண்டியிருந்தது.

போகிறவர்களுக்கு இங்கே என்ன சொல்கிறார்கள்? என் மேசைக்கு வந்த கதைகளில் 'சண்டைக்குப் போறதில்ல, குசினி வேலை' என்பதுதான் கூட. லொறி ஓட்டம், பங்கர் வெட்டு, காவல் என்றும் வரும். ஐரோப்பாவுக்குப் போக ரஷ்யா வழியாக அனுப்புகிறோம் என்று கூட்டிப்போய், அங்கே வைத்துத் தாளை நீட்டியதும் உண்டு. அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு வாப்பா, தன் மகன் பிரெஞ்சு அந்நியர் படைக்குப் போகக் கொழும்பு ஏஜென்ட் ஒருவனுக்கு ஆறு இலட்சம் கட்டியதாகச் சொன்னார். அந்தப் படைக்கு ஆள் நேரே பிரான்ஸுக்குப் போய்த்தான் சேர வேண்டும், சேருவதற்கு ஒரு சதமும் இல்லை, முதல் ஒப்பந்தமே ஐந்து வருடம் என்றேன். ஏஜென்ட் அவரிடம் சொன்னது இரண்டு வருடமாம்.

இந்த மண்ணில், போன நாள் தெரியும், திரும்பும் நாள் தெரியாது என்று காத்திருந்த தாய்மார் எத்தனையோ பேர். வீட்டுக்கு ஒருவர் என்று கேட்ட காலத்தை மறந்தவர் இங்கே யாருமில்லை. அதே வீடுகளிலிருந்து, இந்தமுறை காசு கட்டிப் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்பதை எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கடன் அப்படி. குற்றம் சொல்லவும் மனமில்லை.

இனி, போகும் யோசனையில் இருப்பவர்களுக்கு. முழு ஒப்பந்தத்தையும் புறப்படுமுன்பே இங்கே கேளுங்கள். ஏஜென்ட்மார் காட்டுவது திகதியும் சம்பளமும் இருக்கும் பக்கத்தை மட்டும்தான். 'அங்கே போனதும் தருவார்கள்' என்றால் அந்தப் பதிலே போதும், போகாதீர்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இருக்கிறதா என்று 1989க்கு அழைத்துக் கேட்கலாம், பிரதேச செயலகத்தில் இருக்கும் உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். பணியகத்தில் பதிந்த படை வேலை ஒப்பந்தம் ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை.

ஏற்கனவே போனவரின் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கூட. ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய படைப்பிரிவின் ஐந்து இலக்க எண், அவருடைய தனி எண், சம்பளம் விழும் வங்கிக் கணக்கு, இவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இவை இல்லாமல் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கோ மொஸ்கோ தூதரகத்துக்கோ கடிதம் எழுதினால், ஆளைத் தேடுவதற்கே மாதங்கள் போய்விடும். புதுப்பிக்க விருப்பமில்லை என்று அவர் முடிவுத் திகதிக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, அதன் படத்தையும் வைத்திருக்க வேண்டும். அந்தக் கடிதம் அவரை வெளியே கொண்டுவரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் விரும்பித்தான் நிற்கிறார் என்று பிறகு யாராவது சொல்லும்போது அது கையில் இருக்க வேண்டும்.

ரஷ்ய ஆணையில் சொன்ன மூன்று வழியில் எங்களால் கொஞ்சமாவது தள்ளிப் பார்க்கக்கூடியது வைத்தியம்தான். அந்த அம்மாவிடம் மகனுக்குச் சின்ன வயதில் ஏதும் வருத்தம் இருந்ததா என்று கேட்டேன். "தொய்வு" என்றார், ஆஸ்துமாதான். போதனா வைத்தியசாலைக் கிளினிக் கொப்பி இருக்கிறதா? இருந்தது. கறையான் அரித்தது போக மிச்சம். அதை ரஷ்ய மொழிக்கு மாற்றி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு அனுப்பினோம். காயப்பட்டவர்கள் என்றால் அங்கே கொடுத்த ஒவ்வொரு துண்டும் பெறுமதியானது, எறியக்கூடாது.

ஓடி வரச் சொல்லாதீர்கள். படைதிரட்டல் காலத்தில் படையை விட்டு ஓடினால் அங்கே 15 வருடம் வரை சிறை.

இன்னொரு தாள் பற்றியும் சொல்ல வேண்டும். பிரஜாவுரிமை விண்ணப்பம். ஒரு வருட ஒப்பந்தத்தில் சேரும் வெளிநாட்டவருக்கும் குடும்பத்துக்கும் இலகுவாக ரஷ்யப் பிரஜாவுரிமை தரும் ஆணை 2024 ஜனவரியில் வந்தது. பரிசு மாதிரித்தான் தெரியும். ஆனால் எங்கள் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் விரும்பி வேறு நாட்டுப் பிரஜை ஆனால், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு அனுமதி எடுத்திராவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். அதன் பிறகு எந்த நாட்டுத் தூதரகம் அவருக்காகப் பேசும்?

ஏஜென்ட் மீது முறைப்பாடு செய்யத் தயங்குகிறார்கள், கட்டின காசு திரும்பி வராது என்ற பயம். ஏமாற்றிக் கூட்டிப்போய்க் கட்டாயச் சேவையில் விடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவில் ஆட்கடத்தல், 20 வருடம் வரை சிறை. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது.

அந்த அம்மாவின் மகன் இன்னும் வரவில்லை. எங்கள் கடிதம் கிடைத்தது என்று அமைச்சிலிருந்து ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது. போன கிழமை அவர் திரும்ப வந்தார். ஒப்பந்தத்தின் மற்றப் பக்கங்களை மகன் ஒரு இரவில் ஒவ்வொன்றாக அனுப்பியிருக்கிறான், நாலாம் பக்கம் மட்டும் மங்கல். அதைத் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.