107 செ.மீ. குதிரை, இரண்டு கூடை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளில் விறகுக்கு மரம் கிடையாது. சதுப்பில் மக்கி இறுகிப்போன பாசியையும் புல்லையும் மே மாதம் வாக்கில் கட்டிகளாக வெட்டிக் காயவைத்து, வருஷம் முழுக்க அடுப்பெரித்தார்கள். அதுதான் பீட். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அதே கோடையில் ஆண்கள் ஆறு துடுப்புப் படகுகளில் 'லிங்' என்ற ஆழ்கடல் மீனைப் பிடிக்கப் போய்விடுவார்கள். குன்றுகளிலிருந்து பீட்டை வீடு சேர்ப்பது பெண்கள், சிறுவர்கள், மட்டக்குதிரைகள் பாடு.

இன்றைய இன வரையறைப்படி இந்த ஷெட்லாந்து மட்டக்குதிரையின் தோள்மேட்டு உயரம் 107 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. இத்தனூண்டு உடம்பு எப்படிச் சுமக்கிறது? உடல்வாகு மாறாமல் உயரம் 2 மடங்கானால் எடை 8 மடங்காகும். தசையின் குறுக்குவெட்டு, அதாவது அதன் பலம், 4 மடங்குதான். எடைக்கு எடை பார்த்தால் சின்ன விலங்குக்கே பலம் கூடுதல். பொதியேற்றச் சிறுவனுக்கும் கை எட்டும்.

முதுகில் முதலில் 'ஃப்ளாக்கி' என்ற வைக்கோல் பாய். அதன்மேல் 'கிளிபர்' என்ற மரச் சேணம்: முதுகெலும்புக்கு இருபுறமும் பலகை, அவற்றை இணைக்கும் கட்டைகள் மேலே முளைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். எடை பலகை வழியாக விலாவில் இறங்கும். நடுமுதுகில் மரம் படவே கூடாது. அடிவயிற்று வார் சேணத்தை இறுக்கிப் பிடிக்கும். வாலடி வார், இறக்கத்தில் அது கழுத்துப் பக்கம் நழுவாமல் காக்கும். 'கிஷி' என்ற வைக்கோல் கூடையை 'மேஷி' என்ற கயிற்று வலைக்குள் வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக முளையில் தொங்கவிடுவார்கள்.

ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் கவனம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் சேணம் வயிற்றடிக்குப் புரண்டுவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாட்டுவது நல்லது. தனி ஆளென்றால் மறுபக்கம் ஏறும்வரை முதல் கூடைக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். வாரை இன்னும் இறுக்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் மூச்சு முட்டும், தோல் உரியும். பாய் நனைந்து கட்டிதட்டினாலும் தோள்மேட்டில் புண்தான். புதிதாக வெட்டிய பீட்டில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அரைகுறையாகக் காய்ந்ததை ஏற்றினால் குதிரை தண்ணீரைத்தான் சுமக்கிறது.

கடலிலும் குதிரைக்குப் பங்குண்டு. நைலான் தங்கூஸ் வருவதற்கு முன் தூண்டில் கயிற்றுக்கு அதன் வால்முடியைத் திரித்தார்கள். சணல் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும், வால்முடி அப்படிப் போகாது. மீன் வெட்டி இழுக்கும்போது கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அடுத்தவர் குதிரையின் வால்முடியை அறுத்தால் அபராதம் என்று பழைய ஷெட்லாந்து ஊர்ச்சட்டத்திலேயே இருந்தது.