நெளிவு கிடக்கட்டும், தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்

"அண்ணை, பின் மூலையில ஒரு நெளிவு. அதை மட்டும் எடுத்துவிட்டால் போதும். அடுத்த மாதம் பிள்ளைகளோட ஸ்கொட்லாந்து போறம்."

லண்டனில் இருக்கும் ஒரு தம்பி போன வசந்தத்தில் இப்படிச் சொல்லித்தான் தன் மோட்டார் ஹோமை, அதாவது கட்டில், அடுப்பெல்லாம் உள்ள வீட்டு வண்டியை, கொண்டுவந்தார். ஃபியட் டுகாட்டோவின் மேல் கட்டிய 2003ஆம் ஆண்டு வண்டி. பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. நெளிவு உள்ளங்கை அகலம்தான், ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்திருக்கிறார்.

நான் நெளிவைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓடும் அலுமினியப் பட்டையில் இருந்த பிளாஸ்டிக் மூடியை உரித்து, ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினேன். நல்ல மரத்தில் இருக்கும் ஸ்க்ரூ இறுக்கிப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இது இரண்டு சுற்றில் கையோடு வந்துவிட்டது. துருப்பிடித்த புரியில் கறுப்பாக, ஈரமாக மரத்தூள். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து அதே மூலையைப் பெருவிரலால் அழுத்தினேன். தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. ஈரம் அளக்கும் மீட்டரில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 30க்கு மேலே போனால் மரம் பெரும்பாலும் கெட்டிருக்கும். இங்கே கூரையிலிருந்து கட்டில் உயரம் வரைக்கும் 30க்கு மேலே.

தம்பியின் முகம் வாடிவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. காரில் இரும்புத் தகரம் நெளிந்தால் பின்னாலிருந்து தட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் முடிந்தது. பழைய மோட்டார் ஹோமின் சுவர் அப்படியில்லை. வெளியே ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத அலுமினியத் தகடு, நடுவில் மரச்சட்டமும் ஸ்டைரோஃபோமும், உள்ளே மெல்லிய பிளைவுட். எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டினால் ஓர் அங்குலம் கனத்தில் ஒரு சுவர். பின்னாலிருந்து தட்ட வழியே கிடையாது. மூட்டுகளில் தண்ணீர் புகாமல் வைத்த மாஸ்டிக் பசை பத்துப் பதினைந்து வருடத்தில் காய்ந்து வெடிக்கும். வண்டி ஓடும்போது உடம்பு முறுகும், வெடிப்பு விரியும், ஸ்க்ரூ ஓட்டைகள் வழியே மழை இறங்கும். கறையான் தின்ற கதவு வெளியே அப்படியே நிற்குமே, அதே கதைதான்.

இந்த வேலையில் எனக்குக் கோபம் வரவைக்கும் ஒரே பொருள் குளியலறை சிலிக்கன். அந்தத் தம்பியின் பட்டையிலும் முன்பு யாரோ ஒரு ட்யூப் முழுக்க இழுத்திருந்தார்கள். மேலே பூசும் சிலிக்கன் பழைய ஓட்டையை அடைப்பதில்லை. வேறு இடத்தால் தண்ணீர் போகும், போன தண்ணீர் வெளியே வரமுடியாமல் உள்ளேயே நிற்கும். வினிகர் மணக்கிற வகை அலுமினியத்தையே அரிக்கும். அப்புறம் அதன் மேல் வேறெதுவும் ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்கவே எனக்கு ஒரு பகல் போனது. முறையான வேலை என்றால் பட்டையை முழுதாகக் கழற்றி, பழைய மாஸ்டிக்கைத் துடைத்து, இறுகிப்போகாத பியூட்டைல் நாடா வைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போட வேண்டும். சில நாளில் ஓரத்தில் பிதுங்கி வருவதை பிளாஸ்டிக் கத்தியால் வெட்டினால் போதும்.

உள்பலகையைப் பிரித்து, உளுத்த சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் மெஷினைப் போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். இந்தக் காத்திருப்புத்தான் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காத பகுதி. ஈரத்தோடு மூடினால் புதிதாக வைத்த மரமும் அழுகும்.

பிளாஸ்டிக் பாகங்கள் பற்றி ஒரு வார்த்தை. பம்பரோ மூலைத் துண்டோ வெடித்தால் பின்பக்கம் பாருங்கள். நார் தெரிந்தால் ஃபைபர் கிளாஸ், ரெசின் என்ற இறுகும் பசை பிடிக்கும். வழவழவென்றிருந்தால் அனேகமாக ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக், ரெசின் பூசினால் கொஞ்ச நாளில் உரிந்துவரும். ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கிப் பின்னாலிருந்து பூச வேண்டும். எதுவானாலும் வெடிப்பின் நுனியில் சின்னதாக ஒரு ஓட்டை போடுங்கள், மேலே ஓடாமல் நிற்கும்.

ஓட்டைகளை அடைக்கும் உற்சாகத்தில் அடைக்கவே கூடாத ஓட்டைகளும் அடைபடுவதுண்டு. குளிர்காற்று வருகிறதென்று ஒருவர் கேஸ் சிலிண்டர் பெட்டியின் தரையில் இருந்த துவாரத்தை டேப்பால் ஒட்டியிருந்தார். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி வெளியேறத்தான் அந்தத் துவாரம். ஃப்ரிட்ஜின் வெளிப்பக்கக் கம்பித்தட்டி, கூரையின் காற்றுத் துவாரம் இவற்றிலும் கை வைக்காதீர்கள். அடுப்பும் ஹீட்டரும் எரியும் வண்டியில் காற்றோட்டம் போனால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பிரிட்டனின் வருடாந்த வாகனச் சோதனையான எம்ஓடி பாஸாகியிருக்கிறது என்பதை வைத்துச் சுவரை நம்பாதீர்கள். அந்தச் சோதனை பிரேக், சஸ்பென்ஷன், அடிச்சட்டத் துரு என்று பார்க்குமே தவிர, குடியிருக்கும் பகுதியின் ஈரத்தைப் பார்க்காது. அதற்கு ஹபிட்டேஷன் சேர்விஸ் என்ற குடியிருப்புப் பகுதிச் சோதனை தனி. அதன் ஈர அறிக்கையைக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்காதீர்கள். மெதுவாக ஊறிய சேதத்தைப் பெரும்பாலும் தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள்.

தம்பியின் ஸ்கொட்லாந்துப் பயணம் ஆகஸ்ட் மாதத்துக்குத் தள்ளிப்போனது. அங்கே நாலு நாள் விடாமல் மழையாம். திரும்பி வந்ததும் மீட்டரை வைத்துப் பார்த்தோம், 12. நெளிவு இன்னும் அப்படியே இருக்கிறது. காசு சேரட்டும், அடுத்த வருடம் பார்ப்போம் என்கிறார்.