எச்பி சரியாக இருந்தும் இரும்பு குறையலாம்

"நடவு முடிஞ்சு வந்தா கை காலெல்லாம் ஓஞ்சு போவுது டாக்டர்" என்று திருவாரூர் பக்கத்துப் பெண் ஒருவர் சொன்னால், பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது எச்பி டெஸ்ட்தான், அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை. முடிவு 12.3 என்று வருகிறது. "ரத்தம் நல்லா இருக்கும்மா, சத்தா சாப்பிடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் அவருக்குச் சோகை இல்லை, சரி. உடம்பில் இரும்பு போதுமான அளவு இருக்கிறதா? அதை இந்தச் சோதனை சொல்லவில்லை.

வளர்ந்த ஒருவர் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில், ஹீமோகுளோபினாக இருக்கிறது. ஒரு பகுதி கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமிப்பாகக் கிடக்கிறது. மிச்சம் இருக்கும் கொஞ்சம் தசைகளிலும், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலும் வேலை செய்கிறது. உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். புதுச் சிவப்பணு செய்ய மஜ்ஜைக்குத் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். பழைய அணுக்களை உடைத்து, அதிலிருக்கும் இரும்பையே உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. பற்றாக்குறை வந்தாலும் முதல் பங்கு சிவப்பணுவுக்குத்தான். அந்த அணு 120 நாள் வாழ்வதால், சேமிப்பு தீர்ந்த பிறகும் எச்பி உடனே இறங்குவதில்லை.

டெல்டாக்காரருக்கு இது புதிதாக இருக்காது. மேட்டூர் மட்டம் சரிந்துகொண்டிருந்தாலும் கல்லணையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காய்வது தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல்கள். உடம்பில் தசையும் இதயமும் மூளையும் கடைமடை. எச்பி பார்ப்பது கல்லணையில் நின்று பார்ப்பது. ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்ப்பது மேட்டூர் மட்டத்தைப் பார்ப்பது.

அந்தப் பெண்ணின் அசதிக்கு இரும்புதான் காரணமாக இருக்குமா? பிரான்சில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. மாதவிடாய் வரும் வயதுள்ள 198 பெண்கள். எல்லோருக்கும் அசதி, யாருக்கும் சோகை இல்லை, ஃபெரிட்டின் 50-க்குக் கீழே (மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு). பாதிப்பேருக்குத் தினமும் 80 மில்லிகிராம் இரும்பு, மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 12 வாரத்தில் இரும்பு சாப்பிட்டவர்களுக்கு அசதி ஏறக்குறைய 48 சதவீதமும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 29 சதவீதமும் குறைந்தது. மனத்தின் பங்கு பெரிதுதான். அதைக் கழித்த பிறகும் இரும்பின் பங்கு தெளிவாகவே நிற்கிறது.

இதய நோயாளிகளிடம் விஷயம் இன்னும் தீவிரம். இதயச் செயலிழப்பு (தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாத நிலை) உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரும்புக் குறைபாடு இருக்கிறது. அதில் பலருக்குச் சோகை கிடையாது. 2009-ல் வெளியான ஃபேர்-எச்எஃப் ஆய்வில் இப்படிப்பட்ட 459 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு இரும்பை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் நடக்கும் தூரம் கூடியது, மூச்சிரைப்பு குறைந்தது. சோகை இருந்தவர், இல்லாதவர் இருவருக்கும் ஒரே மாதிரிப் பலன். 2020-ல் வந்த அஃபர்ம் ஆய்வில், இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்து தேறியவர்களுக்கு இரும்பு ஏற்றியபோது, அதே காரணத்துக்காக மறுபடி வந்து சேருவது குறைந்தது. இறப்பு விகிதம் குறையவில்லை. ஆனாலும் மறுபடி மறுபடி அட்மிட் ஆவதுதான் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது. அது குறைவதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

மாத்திரையாகவே கொடுத்தால் என்ன? 2017-ல் வெளியான ஆய்வில் இதே வகை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் உழைப்புத் திறன் கூடவில்லை. காரணம் ஹெப்சிடின், கல்லீரல் சுரக்கும் ஹார்மோன். குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் போகும் வாசலை அதுதான் அடைக்கிறது. உடம்பில் அழற்சி இருந்தால் ஹெப்சிடின் ஏறும். இதய நோயில் அழற்சி கூடவே இருப்பதால், விழுங்கிய இரும்பு பெரும்பாலும் குடலோடு போய்விடுகிறது. மற்றவர்களுக்கும் ஒரு மாத்திரை போட்டதுமே ஹெப்சிடின் ஏறி, ஒரு நாள் வரை அப்படியே நிற்கும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் உறிஞ்சப்படுகிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வுகள் காட்டின.

ஃபெரிட்டின் அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சல், சீழ், மூட்டு அழற்சி எது இருந்தாலும் அந்த எண் ஏறிவிடும். நலமாக இருப்பவருக்கு 15-க்குக் கீழே என்றால் குறைபாடு உறுதி. தொற்று இருக்கும்போது 70-க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். இதயச் செயலிழப்பில் 100-க்குக் கீழே என்றாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சோறும் குழம்புமே பிரதானமான நம் சாப்பாட்டில் வரும் இரும்பு, குடல் எளிதில் உறிஞ்சாத வகை. முருங்கைக்கீரையும் அப்படித்தான். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் உறிஞ்சுவது கூடும். டிபனோடு சேர்த்துக் குடிக்கும் கும்பகோணம் டிகிரி காபி அதைக் குறைத்துவிடும்; இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. ஈரல், மீனில் இருக்கும் இரும்புக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் சேமிப்பு ஏற்கெனவே தீர்ந்தவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் மாதாமாதம் ரத்தம் போவதில்லை. அவர்களுக்கு ஃபெரிட்டின் இறங்கினால், வயிற்றுப் புண்ணிலிருந்தோ பெருங்குடல் கட்டியிலிருந்தோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். எச்பி 13.5 இருக்கிறதே என்று டானிக்கோடு நிறுத்திவிட்டால், கசிவு இருக்கும் இடம் இன்னும் சில மாதம் தெரியாமலே போகும்.