போர் 1000 அடி, தண்ணி மட்டம் எத்தனை அடி?

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் யாரைக் கேட்டாலும் "தண்ணி ஆயிரம் அடிக்கு போயிருச்சுங்க"ன்னு சொல்லுவாங்க. அது போர் போட்ட ஆழம், நீர்மட்டம் இல்ல. பாறைக்குள்ள ஆழத்துல ஒரு வெடிப்புல தண்ணி கிடைச்சா பெரும்பாலும் அது அங்கயே நிக்காது, உள்ள இருக்கிற அழுத்தத்துல மேல ஏறி வந்து ஒரு இடத்துல நிக்கும், அந்த இடம்தான் மட்டம்.

இந்த ரெண்டு ஊர் வழியா ஓடுற நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில ஆரம்பிச்சு கரூர் மாவட்டத்துல காவிரியில சேருது, அதுக்கு தண்ணி வடியுற பரப்பு, அதாவது வடிநிலம், சுமார் 3500 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கடினப்பாறை பூமி. மேல மண்ணு, கீழ சிதைஞ்ச பாறை, அதுக்கும் கீழ கெட்டிப்பாறையும் அங்கங்க வெடிப்பும். அந்தக்காலத்து கிணறெல்லாம் சிதைஞ்ச பாறையில ஊறுற தண்ணிய நம்பி வெட்டுனது, இப்ப போடுற போரெல்லாம் வெடிப்பை நம்பி போடுறது. அதனால ரெண்டையும் தனித்தனியாத்தான் அளக்கணும், ஒண்ணா சேத்து சராசரி போட்டா எதுவுமே புரியாது.

அளக்குறது எப்படின்னா, மோட்டார் மாட்டாத, அளக்குறதுக்குன்னே போட்ட போர் இருக்கு, பீசோமீட்டர்னு பேரு. மோட்டார் ஓடுற போர்ல அளந்தா அதைச் சுத்தி மட்டம் புனல் மாதிரி குழிஞ்சிருக்கும், அது ஊரோட மட்டம் ஆகாது. முனையில சென்சார் வச்ச டேப்பை உள்ள விட்டா தண்ணி தொட்டதும் சத்தம் போடும். இப்ப பல இடத்துல தண்ணிக்குள்ளயே ஒரு பிரஷர் சென்சாரை தொங்க விட்டிருக்காங்க, மேல நிக்கிற தண்ணியோட அழுத்தத்தை வச்சு மட்டத்தை கணக்குப் போட்டு சிம் கார்டு வழியா அனுப்பிடும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கிணறுகள்ல ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர்னு வருஷத்துக்கு 4 தடவை நேர்லயும் அளக்குது.

இனிமேதான் முக்கியமான கணக்கு. சிதைஞ்ச பாறையில வடிஞ்சு வெளிய வரக்கூடிய தண்ணி, அந்தப் பாறையோட மொத்த கன அளவுல சுமார் 1 முதல் 3 சதவீதம்தான். 2 சதவீதம்னு வச்சுக்கங்க, ஒரு ஏக்கர்ல மட்டம் 1 மீட்டர் எறங்குனா மொத்தமா வந்தது 80 ஆயிரம் லிட்டர், அதாவது 12 ஆயிரம் லிட்டர் லாரி ஏழு கூட இல்ல! அதே மாதிரி ஐப்பசி கார்த்திகையில நல்ல மழை பேஞ்சு 4 சென்டிமீட்டர் தண்ணி உள்ள எறங்குனாலே மட்டம் 2 மீட்டர் ஏறிடும். கிணறு மளமளன்னு ஏறுறதைப் பாத்து நெறைய தண்ணி சேந்துருச்சுன்னு நெனச்சு நம்ம ஆளுங்க தென்னைக்கும் வாழைக்கும் மோட்டாரை விடாம ஓட்டுறாங்க, மாசி பங்குனியிலயே வத்திப்போகுது, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. நவம்பர் மட்டத்தை மே மட்டத்தோட ஒப்பிடக்கூடாது, ஒரு மே மாசத்தை இன்னொரு மே மாசத்தோட, குறைஞ்சது பத்து வருஷத்துக்கு வச்சுப் பாக்கணும், அப்பத்தான் எடுக்குறது அதிகமா ஊறுறது அதிகமான்னு தெரியும். வருஷம் ஊறுறதுல 70 சதவீதத்துக்குள்ள எடுத்தா அந்த ஃபிர்காவை (சில கிராமங்க சேந்த வருவாய் பிரிவு) பாதுகாப்பானதுன்னும் 100ஐ தாண்டுனா அளவுக்கு மீறி எடுக்குறதுன்னும் வகைப்படுத்துறாங்க.

கோவை நகரத்துக்குள்ள விஷயம் இன்னும் சிக்கல். சிறுவாணி, பில்லூர் தண்ணி பவானி வடிநிலத்துல இருந்து வருது, வீட்டுல செலவாகி சாக்கடையா நொய்யலுக்கும் குளத்துக்கும் போய் அதுலயும் கொஞ்சம் மண்ணுக்குள்ள எறங்குது. அங்க மட்டம் நல்லா இருக்குன்னு குடிச்சிட முடியாது, மட்டத்தோட சேத்து உப்பையும் அளந்தாகணும், சாயக்கழிவு பட்ட திருப்பூர் பக்கம் இது ரொம்பவே அவசியம்.

2002ல அனுப்புன கிரேஸ் சாட்டிலைட் ஜோடி பூமியோட ஈர்ப்பு மாறுறதை வச்சே நிலத்தடி நீர் குறையுறதை கண்டுபிடிச்சுச்சு, ஆனா அது பாத்தது லட்சம் சதுர கிலோமீட்டர் கணக்குல, நொய்யல் அதுக்கு ரொம்பச் சின்னது. இங்க டேப்பை கிணத்துக்குள்ள விட்டுத்தான் பாக்கணும். நீங்களே உங்க கிணத்துல அளக்குறதா இருந்தா ராத்திரி பூரா மோட்டாரை நிறுத்தி வச்சுட்டு காலையில அளந்து தேதியோட எழுதி வைங்க.