நகராட்சியின் பட்டியலில் கலையும் இருக்கிறது

ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதித் தருவது என் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் டெல்லியில் இருக்கும் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியைத்தான் கேட்பார்கள், அல்லது வெளிநாட்டு நிதியத்தை. "உங்கள் ஊர் நகராட்சியைக் கேட்டீர்களா?" என்றால், "அது குப்பை அள்ளுகிற இடம்தானே சார்" என்பார்கள்.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் 13-ஆவது, பண்பாடு, கல்வி, அழகியல் வளர்ப்பு. ஊராட்சிகளின் பட்டியலிலும் பண்பாட்டுப் பணி உண்டு. ஆனால் எதை ஒப்படைப்பது என்று முடிவு செய்வது மாநில அரசு. ஒப்படைத்தாலும் பணம் கூடவே வருவதில்லை. நூலகத்தைப் பாருங்கள்: சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம், அந்தப் பணம் நூலகத்துக்கு. கலைக்கு அப்படித் தனி வரவு இல்லை.

வருகிற கொஞ்சமும் சுவர் ஓவியமாகத்தான் வருகிறது. தன் ஊர் ஏரியைப் பற்றி ஒலியும் பழைய வலைகளும் கொண்டு ஒரு படைப்பு செய்ய நினைத்த பெண் ஓவியர் ஒருவரோடு ஒரு நகராட்சிக்குப் போயிருந்தேன். பொறியாளர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை சதுர அடி வரும்?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய மதிப்பீட்டுப் படிவத்தில் அந்தக் கட்டம்தான் இருக்கிறது. கடைசியில் அந்தப் பெண் பாலத்துத் தூணில் மயில் வரைந்தார். ஏரி அவருடைய நோட்டிலேயே கிடக்கிறது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

கேரளம் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு விடுவதாக அறிவித்தது. 2012-இல் ஓர் அறக்கட்டளை நடத்தும் கொச்சி பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சி தொடங்கியபோதும் மாநில அரசின் பணம் வந்தது. அப்போது அங்கிருந்த கலைஞர்களே, ஒரே அறக்கட்டளைக்கு இவ்வளவு பொதுப்பணமா என்று கேட்டார்கள். சரியான கேள்வி. டெல்லியிடமிருந்து மாநிலத்துக்கு வந்த அதிகாரம் அங்கேயே தங்கிவிட்டால், சிறிய ஊர்க் கலைஞருக்கு எதுவும் மாறாது.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பட்ஜெட் தயாராகும் முன்பே வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். கிராமம் என்றால் கிராம சபையில் பேசி, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். கலைக்குப் போன ஆண்டு எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அப்புறம், மதிப்பீட்டில் பெயின்ட் செலவுக்குக் கீழே 'கலைஞர் ஊதியம்' என்று ஒரு வரியை நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.