உக்கிய பலகைக்கு மேல் புதுப் பலகை அடிக்காதீர்கள்

போன மாதம் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் மேல்மாடிக் குளியலறையில் கொமட்டைக் கழற்றினேன். தரையில் பளபளவென்று புது வைனில் விரிப்பு. அதற்குக் கீழே அரை அங்குலப் புது பிளைவுட். அதற்கும் கீழே பழைய தரைப்பலகை. அதன்மேல் ஸ்க்ரூட்ரைவரை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை, ஊறிய பாணுக்குள் இறங்குவதுபோல் மறுபக்கம் போய்விட்டது.

"வீடியோ பார்த்து நானேதான் செய்தேன் அண்ணை. இரண்டே நாளில் முடித்துவிட்டேன்" என்றார் வீட்டுக்காரத் தம்பி. இந்த வருடத்தில் இது நான்காவது வீடு.

நீங்களே செய்யக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பொறுமை இருந்தால் செய்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் "மேலே ஒரு பலகை அடித்துவிட்டால் கீழே இருப்பது தானாகக் காய்ந்துவிடும்" என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? காயாது. மேலே வைனில், கீழே சீலிங். நடுவில் சிக்கிய ஈரம் எந்த வழியாக வெளியே போகும்? மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உக்கவைக்கும் பூஞ்சணம் பிடிக்காது. 30-ஐத் தாண்டினால் அதற்கு விருந்துதான். நீங்கள் புதுப் பலகையால் மூடியது அந்த விருந்தைத்தான்.

அதோடு முடிவதில்லை. தரை அரை அங்குலம் உயர்ந்ததும், கொமட்டைக் கழிவுக்குழாயோடு இணைக்கும் ஃபிளாஞ் அரை அங்குலம் பள்ளத்தில் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் மெழுகு வளையம் எட்டாது. உடனே இரண்டு வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். கொமட் சற்று ஆடினாலே மெழுகு விலகிவிடும். பிறகு ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் ஒரு கரண்டித் தண்ணீர், இரண்டு பலகைகளுக்கும் நடுவே. தம்பி கொமட்டைச் சுற்றிவர சிலிக்கானும் பூசியிருந்தார். ஒழுக்கை மறைக்க அதைவிடச் சிறந்த வழி கிடையாது! தயவுசெய்து பின்பக்கத்தையாவது பூசாமல் விடுங்கள். ஒழுகினால் கண்ணில் படட்டும்.

பலகையை வெட்டுமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஊரில் சீமெந்துத் தரை. வாளியால் ஊற்றிக் கழுவினோம், மூலைத் துவாரத்தால் ஓடிப்போனது. இங்கே டைலுக்குக் கீழே இருப்பது மரம், தரையில் பெரும்பாலும் துவாரமே இல்லை. ஊற்றிய தண்ணீர் தொட்டி ஓரத்தால் இறங்கும். அம்மாவிடம் இதைச் சொல்வது கஷ்டம், தெரியும். என் வீட்டிலும் ஒரு வாளி இருக்கிறது. கொமட்டுக்குப் பக்கத்தில் பூட்டிய கை ஷவரின் இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள்.

தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு வெட்டுங்கள். வாளின் ஆழம் பலகையின் தடிப்பளவுதான் இருக்கவேண்டும். கீழே குழாயும் வயரும் ஓடும். கறுத்த இடத்தோடு நிறுத்தாதீர்கள். நல்ல மரம் வரும்வரை, பலகையை மட்டும், அதைத் தாங்கும் ஜோயிஸ்டின் நடுக்கோடுவரை வெட்டுங்கள். (ஊரில் தீராந்தி என்போமே, ஏறக்குறைய அதுதான், இங்கே வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்று.) தாங்கலில்லாத விளிம்புக்குக் குறுக்குக் கட்டை கொடுங்கள். கழிவுக்குழாயின் வாயைத் துணியால் அடையுங்கள். வீடு 1990-க்கு முன் கட்டியதா? பழைய வைனிலைச் சுரண்டவே வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டஸ் இருக்கலாம், பரிசோதிக்கும்வரை கைவைக்காதீர்கள்.

ஸ்க்ரூட்ரைவர் ஜோயிஸ்டுக்குள்ளும் இறங்கினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். நிறைந்த குளியல் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 150 கிலோ அளவில் இருக்கும், ஆளின் எடை வேறு. குழாய் போட வந்தவர் ஜோயிஸ்டில் பாதியை அறுத்துவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். துளை அதன் உயரத்தில் கால்பங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி. நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவைக் கேட்காமல் அதில் கைவைக்காதீர்கள்.

அந்த வீட்டில் எல்லாவற்றையும் திறந்துவிட்டு மின்விசிறியை ஓடவிட்டேன். ஐந்தாம் நாள் ஈரமானி 14 காட்டிய பிறகுதான் புதுப் பலகை வைத்தேன். அதுவரை தம்பி, பேஸ்மன்ட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் குளித்தார். என்னோடு இன்னும் கோபம்.